பதினைந்து சென்ட் பாறைக் குவியலில் பிழைத்த ஹாமில்டன் தவளை

கேள்வி இதுதான்: "நியூசிலாந்தில் ஒரே ஒரு சின்னத் தீவில் மட்டும் ஒரு தவளை இனம் இருக்கிறது என்கிறார்கள். உப்பு நீர் பட்டாலே தவளைக்கு ஆகாது. அப்படியானால் கடல் தாண்டி அது எப்படி அங்கே போனது? அவ்வளவு அரிதானது என்றால் பிடித்துக்கொண்டுபோய் வேறு நாலு இடத்தில் விட்டுவிட்டால் பெருகிவிடாதா?"

நீங்கள் கேட்பது ஹாமில்டன் தவளையைப் பற்றி. அது எங்கேயும் போகவில்லை. அது இருந்த மலையைக் கடல் சூழ்ந்துகொண்டது.

கடைசிப் பனியூழியின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. நியூசிலாந்தின் வடதீவும் தென்தீவும் அப்போது ஒரே நிலம். இன்று குக் நீரிணை என்று சொல்கிற கடலின் மேற்குப் பகுதி நடந்து போகக்கூடிய தரையாக இருந்தது. பனி உருகிக் கடல் ஏறியபோது தாழ்வான நிலமெல்லாம் மூழ்கி, மலை உச்சிகள் மட்டும் தீவுகளாக நின்றன. இந்தத் தவளை வாழும் ஸ்டீபன்ஸ் தீவு அப்படி நின்ற ஓர் உச்சி. மாவோரி மொழியில் அதன் பெயர் தாகபோரேவா. தென்தீவின் வடகோடியை ஒட்டியுள்ள டர்வில் தீவின் வடமுனைக்கு அருகே, சுற்றிலும் செங்குத்துப் பாறையாக எழும்பி நிற்கிறது. பரப்பு சுமார் 150 ஹெக்டேர், ஏக்கர் கணக்கில் 370. உயரம் 283 மீட்டர்.

ஆக இது அந்தத் தீவில் தோன்றிய இனம் இல்லை. வடதீவிலும் தென்தீவின் வடபகுதியிலும் உள்ள குகைப் படிவுகளில் இதே தவளையின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. அவை கல்லாகிப்போன பழங்கால எலும்புகளும் இல்லை, அண்மைக் காலத்தவை. ஒரு காலத்தில் பரவலாக வாழ்ந்த இனத்தின் கடைசித் துண்டுதான் அந்தத் தீவில் மிஞ்சியது. அரிதான உயிர்களைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. தீவிலேயே தோன்றிய ஓரிடவாழ்வி என்றால் அந்தத் தீவின் சூழல்தான் அதற்கு உகந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். எஞ்சி நின்ற உயிர் என்றால் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. அந்தத் தீவு அதற்கு மிக நல்ல இடமாகக்கூட இல்லாமல் இருக்கலாம். எதிரி வந்து சேராத இடம், அவ்வளவுதான். உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது.

எதிரி யார்? முதலில் எலி. 13ஆம் நூற்றாண்டில் பாலினேசியர்கள் படகில் வந்து குடியேறியபோது கியோரே என்ற எலியும் கூடவே வந்தது. அதற்கு முன் நியூசிலாந்தில் தரையில் ஓடித் திரிகிற எலி, கீரி, பூனை போன்ற பாலூட்டி ஒன்றுகூடக் கிடையாது. தவளையைத் தின்ன வந்தவை பறவைகளும் பல்லி போன்ற ஊர்வனவுந்தான். பறவை கண்ணால் தேடும். தவளை அசையாமல் உட்கார்ந்துவிட்டால் தப்பித்துக்கொள்ளும். எலி மூக்கால் தேடும், அதுவும் இரவில். அசையாமல் உட்காருவது அங்கே சாவதற்கு வழி. பிறகு ஐரோப்பியர்களின் கப்பல்களில் வேறு இரண்டு வகை எலிகள் வந்தன. முயலை ஒழிக்கவென்று ஸ்டோட் என்ற மரநாய் இனத்துப் பிராணியைக் கொண்டுவந்து விட்டார்கள். இந்தத் தவளை சேர்ந்த லியோபெல்மா பேரினத்தில் மூன்று இனங்கள் எலும்பாக மட்டுமே மிச்சம். ஸ்டீபன்ஸ் தீவில் எலி கால் ஊன்றவே இல்லை. அதனால் ஹாமில்டன் தவளை தப்பியது.

ஆனால் மயிரிழையில்தான் தப்பியது. 1894இல் தீவில் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. காவலர் குடும்பங்களுடன் பூனைகள் வந்தன. லயல் ரென் என்ற பறக்க முடியாத சின்னஞ்சிறு பறவை சில ஆண்டுகளிலேயே அழிந்தது. பூனைகளை முற்றாக ஒழிக்க 1925 வரை ஆனது. அதற்குள் ஆடுமாடு மேய்ச்சலுக்காகக் காட்டின் பெரும்பகுதியை வெட்டிவிட்டார்கள். மரம் போனதும் வெயிலும் காற்றும் நேராகத் தரையில் விழுந்து மண் காய்ந்தது. தோலால் ஈரத்தை உறிஞ்சி வாழ்கிற உயிருக்கு அது போதும், சாக.

இந்தத் தவளை 1919இல் அறிவியலுக்கு அறிமுகமானது. ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆலன் மெக்கல்லக் அதை விவரித்து, மாதிரியைச் சேகரித்துத் தந்த ஹரால்டு ஹாமில்டனின் பெயரை வைத்தார். அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு, உச்சிக்கு அருகே சரிந்து கிடந்த ஒரு பாறைக் குவியலில்தான் அது தென்பட்டது. தவளைக் கரை என்று பெயர். பரப்பு சுமார் 600 சதுர மீட்டர். நம் நிலக் கணக்கில் பதினைந்து சென்ட். அந்த இடத்தில் இருந்த தவளைகள் 300க்கும் குறைவு என்பது கணக்கு. உலகத்தில் இயற்கையாக வாழும் ஹாமில்டன் தவளை அத்தனையும் ஒரு வீட்டுமனை அளவு கற்களுக்கு அடியில்.

அந்தக் கற்குவியல் என்ன செய்தது என்று புரிந்தால் பாதுகாப்புப் பணி முழுவதும் புரியும். மழை பெய்தால் தண்ணீர் கற்களுக்கு இடையே இறங்கிவிடும். மேலே காய்ந்தாலும் அடியில் ஈரம் தங்கும். ஆழத்தில் உள்ள இடுக்குகளில் கோடை வெப்பம் எட்டாது, பனிக்காலக் குளிரும் கடுமையாகத் தாக்காது. தவளை வறட்சியில் கீழே இறங்கும், ஈரமான இரவில் மேலே வரும். இரண்டு மூன்று மீட்டர் செங்குத்தாக ஏறி இறங்கினாலே அதற்கு வேறு பருவநிலை கிடைத்துவிடும். இதெல்லாம் இடுக்குகள் திறந்திருக்கும் வரைதான். மண் சரிந்து நிரம்பினாலோ, கால்நடை மிதித்துக் கற்கள் இறுகினாலோ அந்த வசதி போய்விடும். எனவேதான் கால்நடையை வெளியே நிறுத்தியதும், சுற்றிலும் காட்டை மீண்டும் வளர்ப்பதும் தவளையைத் தொடாமலேயே தவளைக்குச் செய்த முதல் உதவிகள்.

இனி தவளையைக் கிட்டத்தில் பார்ப்போம். நீளம் நான்கிலிருந்து ஐந்து சென்டிமீட்டர். பெண் கொஞ்சம் பெரிது. பழுப்பு நிறம், கண்ணின் ஊடாகத் தலையின் பக்கவாட்டில் ஒரு கருங்கோடு. முதுகிலும் விலாவிலும் வரிசையாகப் புடைத்த சுரப்பிகள், அவற்றிலிருந்து எதிரிக்குப் பிடிக்காத திரவம் கசியும். விரல்களுக்கு இடையே சவ்வு கிடையாது. கண்ணுக்குப் பின்னால் வட்டமாகத் தெரிய வேண்டிய செவிப்பறையும் இல்லை. குரல்பை இல்லை, ஆகையால் இணையை அழைக்கும் கூவலும் இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்போம். இந்தத் தவளை வாயால் கெட வழியே கிடையாது. பிடித்து அழுத்தினால் மெல்லிய கீச்சொலி ஒன்று வரும், அத்தோடு சரி. நியூசிலாந்தில் குளக்கரையில் கத்துகிற தவளைகளைக் கேட்டிருந்தால் அவையெல்லாம் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை.

உடலுக்குள்ளே இன்னும் வியப்பு. வாலில்லாத இந்த உயிருக்கு வாலை ஆட்டும் தசைகள் அப்படியே இருக்கின்றன. மற்ற பெரும்பாலான தவளைகளுக்கு இடுப்புக்கு முன் எட்டு முள்ளெலும்புகள் அல்லது அதற்கும் குறைவு, இதற்கு ஒன்பது. அடிவயிற்றுத் தசையில் விலா போன்ற குருத்தெலும்புத் துண்டுகள் பதிந்திருக்கின்றன. நாக்கை வீசி இரை பிடிக்காது. உடம்போடு முன்னே பாய்ந்து வாயால் கவ்வும். குதித்தால் முன்கால்களில் இறங்கத் தெரியாது, வயிறு அடிபட விழும். நீந்தும்போதும் இரண்டு பின்கால்களையும் சேர்த்து உதைக்காது, நடப்பதுபோல ஒன்றுவிட்டு ஒன்று உதைக்கும். தவளைக் குடும்பம் கிளைவிட்ட ஆரம்பத்திலேயே, ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன், பிரிந்துபோன கிளை இது. வட அமெரிக்காவின் அஸ்காஃபஸ் தவளைகள்தான் இதற்கு உயிரோடிருக்கும் நெருங்கிய உறவு.

சத்தம் போடாத உயிர்கள் ஒன்றையொன்று எப்படி அறியும்? வாசனையால். இந்தத் தவளைகளை வைத்துச் செய்த சோதனைகளில், தன் எச்சம் பட்ட இடத்தையும் வேறொரு தவளையின் எச்சம் பட்ட இடத்தையும் அவை பிரித்தறிந்தன. ஒரு தவளை ஆண்டுக்கணக்கில் சில மீட்டர் வட்டத்துக்குள்ளேயே வாழ்வதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். கற்குவியல் அதற்கு வெறும் மறைவிடம் இல்லை. எங்கே யார் இருக்கிறார்கள் என்று மணத்தால் எழுதிவைத்த ஊர். கல்லைப் புரட்டிவிட்டு வேறு இடத்தில் வைப்பது ஏன் தவறு என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

இனப்பெருக்கத்துக்குக் குளம் குட்டை எதுவும் வேண்டாம். கல்லுக்கோ மரத்துண்டுக்கோ அடியில் உள்ள ஈரக் குழிவில் பெண் முட்டையிடும். எண்ணிக்கை ஏழிலிருந்து பத்தொன்பது வரை. நீரில் முட்டையிடும் தவளைகள் ஆயிரக்கணக்கில் இடுவதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு குறைவு என்று தெரியும். முட்டையில் மஞ்சள்கரு நிறைய இருக்கும். நீந்தித் திரியும் தலைப்பிரட்டைப் பருவத்தை முட்டைக்குள்ளேயே கடந்துவிடும். ஆண் முட்டைகளின் மேல் அமர்ந்து காக்கும். ஏழு முதல் ஒன்பது வாரத்தில் குஞ்சு வெளியே வரும்போது நான்கு காலும் ஒரு வாலும் இருக்கும். ஒரு விரல்நகத்தைவிடச் சிறிய அந்தக் குஞ்சுகள் தகப்பனின் பின்கால் வழியாக ஏறி முதுகில் ஒட்டிக்கொள்ளும். மீதி மஞ்சள்கருவில் வளர்ந்து, வால் சுருங்கி முழுத் தவளையாக மேலும் பதினொன்று முதல் பதின்மூன்று வாரங்கள் ஆகும். அதுவரை ஆணின் ஈரத் தோல்தான் அவற்றுக்குக் குளம்.

இதில் எங்கே கெடும்? முட்டைக்குத் தன்னைச் சுற்றியுள்ள ஈரம் சீராக வேண்டும். காய்ந்தால் சுருங்கிச் சாகும், தண்ணீர் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும். காக்கும் ஆண் விலகிப்போனால் முட்டைக் குவியல் பெரும்பாலும் பிழைக்காது. ஆகவே இனப்பெருக்கக் காலத்தில் கல்லைத் தூக்கிப் பார்ப்பது என்பது ஒரு குடும்பத்தையே பணயம் வைப்பது. பெண் பருவமடைய மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும், ஒவ்வோர் ஆண்டும் முட்டையிடும் என்றும் சொல்ல முடியாது. இதற்கு ஈடாகக் கிடைத்தது நீண்ட ஆயுள். நெருங்கிய உறவான மாட் தீவுத் தவளைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவை பதிவாகியிருக்கின்றன. இப்படிப்பட்ட இனத்தில் ஒரு வளர்ந்த தவளை சாவது பெரிய இழப்பு. அந்த இடத்தை நிரப்ப இன்னொன்று வர வெகுகாலம் ஆகும்.

எண்ணுவது எப்படி என்று சிலர் கேட்பார்கள். பகலில் கல்லைப் புரட்டி எண்ணக் கூடாது. ஈரமான, காற்றில்லாத இரவில் தலைவிளக்கோடு மெதுவாக நடந்து, தாமாக வெளியே வந்து உட்கார்ந்திருப்பவற்றை மட்டும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு தவளைக்கும் புதிய கையுறை, புதிய பிளாஸ்டிக் பை. பையோடு எடை பார்த்து, நீளம் அளந்து, முகத்தையும் பக்கவாட்டையும் படம் எடுத்து, எடுத்த அதே புள்ளியில் விட வேண்டும். முன்பு கால்விரல் நுனியை வெட்டி அடையாளம் வைத்தார்கள். இப்போது கருங்கோடுகளும் புள்ளிகளும் அமைந்திருக்கும் விதத்தைப் படத்தில் ஒப்பிட்டே ஆளை அடையாளம் காண்கிறார்கள். பிறகு கணக்கு. உதாரணத்துக்கு, முதல் சுற்றில் 40 தவளைகளைப் பதிவுசெய்தீர்கள், அடுத்த சுற்றில் கிடைத்த 40இல் 10 பழையவை என்றால், நாற்பதை நாற்பதால் பெருக்கிப் பத்தால் வகுத்து மொத்தம் 160 என்று மதிப்பிடலாம். ஆனால் இந்தக் கணக்கு எல்லாத் தவளைக்கும் அகப்படும் வாய்ப்பு ஒன்றே என்று வைத்துக்கொள்கிறது. உண்மை அப்படி இல்லை. குட்டிகள் எளிதில் கண்ணில் படா, சில தவளைகள் ஆழத்திலேயே தங்கும், காய்ந்த இரவில் எதுவுமே மேலே வராது. ஒரே ஓர் இரவு பார்த்துவிட்டுத் தவளை குறைந்துவிட்டது என்று சொல்பவர் தவளையை எண்ணவில்லை, அன்றைய ஈரப்பதத்தை அளந்திருக்கிறார்.

இடம் மாற்றும் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டீபன்ஸ் தீவில் தவளைக்கு இன்னொரு எதிரி உண்டு: டுவாட்டாரா. பார்க்க ஓணான் போல இருக்கும், ஆனால் பல்லி இனம் அல்லாத தனி வகை ஊர்வன. அதுவும் நியூசிலாந்துக்கே உரிய அரிய உயிர், அந்தத் தீவில் மட்டும் 30,000க்கு மேல் வாழ்கின்றன. ஓர் அரிய உயிரை இன்னோர் அரிய உயிர் தின்கிறது என்றால் யாரை ஒழிக்க முடியும்? யாரையும் இல்லை. வேலிதான் வழி. தவளைக் கரையிலிருந்து 40 மீட்டர் தள்ளிக் காட்டுத் துண்டு ஒன்றில் பள்ளம் தோண்டி, கற்களால் நிரப்பி, டுவாட்டாரா ஏற முடியாத வேலி கட்டி, 1992 மே மாதம் 12 தவளைகளை அதில் விட்டார்கள். நடந்தது என்ன? சில தவளைகள் வேலியைத் தாண்டிப் பழைய இடத்துக்கே திரும்பி நடந்தன. ஐந்து சென்டிமீட்டர் உடம்புக்கு நாற்பது மீட்டர் என்பது சாதாரணப் பயணம் இல்லை. அதன் பிறகுதான் இந்தத் தவளைக்கு வீடு திரும்பும் உணர்வு எவ்வளவு வலுவானது என்பது தெரியவந்தது.

அந்தப் பாடத்தின்படி அடுத்த முயற்சிக்குக் கடலையே வேலியாக்கினார்கள். 2004இலும் 2006இலும் தென்தீவின் வடகோடியில் மார்ல்பரோ சவுண்ட்ஸ் பகுதியிலுள்ள நுகுவாயாட்டா தீவுக்கு ஹாமில்டன் தவளைகள் கொண்டுபோகப்பட்டன. ஆகவே, மாட் தீவுத் தவளையைத் தனி இனமாகக் கொண்டால், இயற்கையாக ஒரே தீவு என்பது சரி, இன்றைய நிலையில் ஒரே தீவு என்பது சரியில்லை.

மாட் தீவுத் தவளையையும் சொல்லாமல் இருக்க முடியாது. 1958இல் மார்ல்பரோ சவுண்ட்ஸில் உள்ள மாட் தீவில், சுமார் 16 ஹெக்டேர் எஞ்சியிருந்த காட்டில், ஹாமில்டன் தவளையைப் போன்றே ஒன்று கிடைத்தது. 1998இல் அதை லியோபெல்மா பகேக்கா என்று தனி இனமாகப் பிரித்தார்கள். பின்னர் வந்த மரபணு ஆய்வுகள் இரண்டையும் ஒரே இனமாகக் கொள்ளும் பக்கம் சாய்ந்தன. பழைய புத்தகத்தில் ஒரு கணக்கும் புதிய பட்டியலில் வேறு கணக்கும் இருப்பதற்கு இதுவே காரணம். மாட் தீவில் தவளைகள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் இடமாற்ற முறைகளை அங்கேதான் அதிகம் சோதிக்க முடிந்தது. 1997இல் 300 தவளைகள் மோட்டுவாரா தீவுக்குப் போயின. 2006இல் வெலிங்டன் நகரத்து சீலாண்டியா சரணாலயத்துக்குக் கொண்டுவந்து, சுண்டெலி நுழையாத வலையடைப்பில் வைத்தார்கள். 2008இல் அங்கே குஞ்சுகள் காணப்பட்டன.

இப்போது உங்கள் "நாலு இடம்" எப்படி இருக்க வேண்டும் என்று பாருங்கள். எலியும் சுண்டெலியும் இல்லாத தீவு. ஆழமான, இடுக்குள்ள கற்குவியல். மேலே காட்டு நிழல். ஆஸ்திரேலியத் தவளைகள் இல்லாமை. பத்து இருபது தவளைகளை விட்டால் அவை ஒன்றையொன்று சந்திப்பதே அரிது. கூவி அழைக்கவும் தெரியாது. மொத்தமாக நிறைய எடுத்தாலோ 300க்கும் குறைவான மூலக்கூட்டம் தாங்காது. எல்லாம் சரியாக அமைந்தாலும், விட்ட தவளைகள் உயிரோடிருப்பதை வெற்றி என்று சொல்லிவிடக் கூடாது. நீண்ட ஆயுள் உள்ளவை ஆதலால் இனப்பெருக்கமே நடக்காமல் பதினைந்து ஆண்டு உயிரோடு இருக்கும். அங்கேயே பிறந்த குட்டி பருவமடைந்து அது முட்டையிட்டால்தான் வெற்றி. எதிரி வரவும் ஒரு படகு போதும்: 2013இல் மாட் தீவிலேயே சுண்டெலி நுழைந்துவிட்டது, மறு ஆண்டு தீவு முழுவதும் நஞ்சுணவு வைத்துத்தான் ஒழிக்க முடிந்தது.

கடைசியாக நோய். கைட்ரிட் என்ற பூஞ்சை உலகெங்கும் தவளைகளைக் கொல்கிறது. தோலைத் தடிக்கச் செய்து, தோல் வழியாக நடக்கும் உப்புப் பரிமாற்றத்தைக் கெடுத்து இதயத்தை நிறுத்திவிடும். நியூசிலாந்தில் அது 1999இல் கண்டறியப்பட்டது. அதே பேரினத்தைச் சேர்ந்த ஆர்ச்சி தவளை, கோரமண்டல் பகுதியில் கண்காணிக்கப்பட்ட ஓர் இடத்தில் 1996க்கும் 2001க்கும் இடையே 88 சதவீதம் குறைந்தது. அதற்குப் பெரிதும் சந்தேகிக்கப்படுவது இந்தப் பூஞ்சை. இது 17 முதல் 25 டிகிரி வரை நன்றாக வளரும், 30க்கு மேல் தாக்குப்பிடிக்காது, முழுக்கக் காய்ந்தால் செத்துவிடும். ஆகவே தவளை வாழும் காட்டுக்குப் போகிறவர் செய்ய வேண்டியது எளிது, வரிசை மட்டும் மாறக் கூடாது. காலணியின் அடிப்பள்ளங்களில் உள்ள மண்ணைத் தூரிகையால் முழுவதும் தேய்த்து எடுங்கள். அதன் பிறகு கிருமிநாசினி. அதன் பிறகு முழுக்கக் காயவிடுங்கள். மண் இருக்கும்போதே மருந்தைத் தெளித்தால் மருந்து மண்ணோடு வினைபுரிந்து வீணாகும். உள்ளே ஒளிந்த பூஞ்சை அப்படியே பயணம் செய்யும். பெரும்பாலானோர் தவறு செய்வது இந்த இடத்தில்தான்.

நேரில் பார்க்க ஆசை என்றால் ஸ்டீபன்ஸ் தீவில் அனுமதியின்றி இறங்க முடியாது. ஙாட்டி கோவாட்டா என்ற மாவோரி மக்களின் பாதுகாவல் மரபுக்கு உட்பட்ட இயற்கைக் காப்பிடம் அது. வெலிங்டனில் சீலாண்டியாவுக்குப் போங்கள். மழை பெய்து ஓய்ந்த இரவாகத் தேர்ந்தெடுங்கள், வெளிச்சத்தைத் தாழ்த்திப் பிடியுங்கள், எதையும் புரட்டாதீர்கள். ஈரப் பாசிமேல் ஒரு கூழாங்கல் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது கல் இல்லை.